கரையில் முளைத்த கீரை

அந்தக் கற்றல் நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. இடுப்பில் எந்நேரமும் ஒரு சாவிக் கொத்து தொங்கியதால் 'சாவி' என்பதே பெயராகிவிட்டது. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் 'சாவி அண்ணே' என்பார்கள். வாசலைத் திறப்பது, வகுப்பறைகளைப் பெருக்குவது, குழாய் ஒழுகினால் அடைப்பது, பல்பு போனால் மாற்றுவது எல்லாம் அவர் வேலை. காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு, பகலில் தையலும் கணினியும், சாயங்காலம் பெரியவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வகுப்பு என்று நாள் முழுக்க ஆள் நடமாட்டம் உள்ள இடம் அது. கட்டடத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த இரண்டு அறைகளில் அவரும், மகளும், மகளின் மூன்று வயதுப் பெண் குழந்தையும் குடியிருந்தார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன மகள் நிலையத்தின் சமையலறையைப் பார்த்துக்கொண்டாள். மத்தியானம் நாற்பது பிள்ளைகளுக்கு அவள் கையால்தான் சாப்பாடு.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய காலியிடம் வெறும் பொட்டலாகக் கிடந்தது. மழை பெய்தாலும் ஓரத்தில் கொஞ்சம் முள்ளுப்புல் தலைகாட்டும், அவ்வளவுதான். ராசியில்லாத மண் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். நிலையத்தில் காரணம் தெரிந்தவர் சாவி ஒருவர்தான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை இருந்தது. லாரி லாரியாக பேட்டரி வந்து இறங்கும். கோடாரியால் உடைத்து, உள்ளே இருக்கும் அமிலத்தைத் தரையிலேயே கொட்டிவிட்டு, ஈயத் தகடுகளைப் பெரிய இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவார்கள். ஈயம் கட்டி கட்டியாக வெளியே போகும். மிஞ்சிய கசடையும் உடைந்த கறுப்புப் பெட்டிகளையும் பின்கோடியில் குழி வெட்டிப் புதைத்துவிடுவார்கள். அந்தக் குழிகளை வெட்டியதும் மூடியதும் சாவிதான். அப்போது அவருக்கு நல்ல வயது, எதையும் தாங்குகிற உடம்பு. கூட வேலை பார்த்த நாலு பேரில் இரண்டு பேர் ஐம்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். இவருக்கு இடது மணிக்கட்டு தொங்கிப்போனது. கேட்டவர்களிடம் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவைத்தார்.

புகை தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததும், முதலாளி பட்டறையை இழுத்து மூடி, மேலே நாலைந்து லாரி செம்மண் கொட்டி மட்டமாக்கிவிட்டார். சண்டை போட்ட பழைய குடிகளும் கொஞ்ச காலத்தில் இடம் மாறிப் போனார்கள். அவர் காலத்துக்குப் பிறகு மகன், எல்லோரும் சின்ன முதலாளி என்று சொல்கிறவர், இடத்தை நிலையத்துக்குத் தானமாகக் கொடுத்தார். வாசல் சுவரில் அப்பாவின் பெயர் பொறித்த கல் பதித்தார்கள். சாவிக்கு இந்த வேலையும் இரண்டு அறையும் கிடைத்தது சின்ன முதலாளியின் வாய்ச்சொல்லால்தான். திறப்பு விழா அன்று அவர் சாவியின் தோளில் கையைப் போட்டு, "பழங்கதையை யாரும் கேக்கப் போறதில்ல. நீங்களும் சொல்லப் போறதில்ல. சரிதானே?" என்று சிரித்தார். சாவியும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. பிறகுதான் தோட்டக்காரம்மா வந்தாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், முழங்கால் வரை சேறு படிந்த உடுப்பு, சைக்கிளின் பின்னால் கட்டிய மண்வெட்டி. நிலையத்தின் பொறுப்பாளர், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை, அவளை வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தார். பொட்டலைத் தோட்டமாக்க வேண்டும், அதிலேயே பிள்ளைகளுக்குக் காய்கறி விளைய வேண்டும், வருகிறவர்களுக்கு அது ஒரு பாடமாகவும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் கூட்டத்தில் அவள் பெர்மாகல்ச்சர் என்ற சொல்லைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து, சாயங்கால வகுப்பில் படிக்கிற இஸ்திரிக்காரம்மா குரல் கொடுத்தாள்: "கல்லாச்சோ மண்ணாச்சோ, அங்க ஒரு புல்லு முளைச்சாலே பெரிய விஷயம் மேடம்!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. தோட்டக்காரம்மாவும் சிரித்தாள். நாளை நட்டு நாளன்றைக்குப் பிடுங்குகிற தோட்டம் இல்லை, காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற மாதிரி நிலத்தைப் பழக்கிவிடுவது, அவ்வளவுதான் என்றாள்.

கூட்டம் கலைந்ததும் பின்கதவைத் திறக்கச் சொல்லி சாவியைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைச் சுற்றிவந்தாள்.

"அண்ணே, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"சும்மா கெடந்துச்சும்மா."

"பொறுப்பாளர் மேடம் விளையாட்டு மைதானம்னு சொன்னாங்களே?"

"ஆமாம்மா. பசங்க பந்து விளையாடுவாங்க."

அது பொய். யாரோ எப்போதோ பொறுப்பாளரிடம் சொன்ன பொய், இவர் வாயால் உறுதியானது. அன்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார்: இத்தனை மழை பெய்து ஓடியிருக்கிறது, எல்லாம் கரைந்து எங்கோ கீழே போயிருக்கும். அதையும் அவர் முழுசாக நம்பவில்லை.

ஆனால் அவள் வேலையைத் தொடங்கிய விதம் அவருக்குத் தெம்பு கொடுத்தது. மண்ணைக் கிளறவே கூடாது என்றாள். "மண்ணு தூங்குதுண்ணே. எழுப்ப வேணாம். போர்வை போத்துவோம்." கடை கடையாக ஏறி இறங்கி அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து, ஒட்டுத்தாளை உரித்து, நனைத்துத் தரை முழுக்கப் பரப்பினார்கள். அதன்மேல் சருகு, அதன்மேல் சாணம், அதன்மேல் மக்கிய குப்பை, மறுபடி சருகு. முழங்கால் உயரத்துக்கு மேடு எழும்பியது. தையல் வகுப்புப் பெண்கள் மெஷினை விட்டுவிட்டு வந்து கூடை தூக்கினார்கள். கணினி வாத்தியார் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சாணி மிதித்தார். விஷம் கீழே, விதை மேலே, நடுவே இவ்வளவு தடிமன் என்று சாவி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த முதல் பருவம் அவருக்கே ஆசையாக இருந்தது. தக்காளி காய்த்தது, அவரை கொடி ஏறியது. ஒரு குருவி கூட வராத இடத்தில் காலையில் பறவைச் சத்தம் காதை அடைத்தது. காலையில் பின்கதவைத் திறக்கும்போதே தோட்டத்தை எட்டிப்பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

இரண்டாம் வருஷம் மழைக்கு முன்னால் தோட்டக்காரம்மா மூன்று கழிகளை ஆங்கில 'A' மாதிரிக் கட்டி, நடுவில் நூலில் கல்லைத் தொங்கவிட்டு, இடம் முழுக்க மட்டம் பார்த்து அங்கங்கே குச்சி நட்டாள். கூரையிலிருந்து விழுகிற தண்ணீர் வீணாகத் தெருவுக்கு ஓடுகிறது, அதை நிறுத்தி மண்ணுக்குள் இறக்க ஒரு நீளப் பள்ளம் வேண்டும், எடுத்த மண்ணைப் பக்கத்திலேயே கரையாகப் போட்டால் கரைமேல் கீரை விதைக்கலாம் என்றாள். குச்சிகள் வளைந்து வளைந்து போய் நின்ற இடத்தைச் சாவி பார்த்தார். பின்கோடி. அவர் வெட்டிய குழிகளுக்கு நேர் மேலே.

"அந்தப் பக்கம் தோண்ட வேணாம்மா. கீழ பாறை இருக்கு."

அவள் கடப்பாரையை எடுத்து மூன்று இடத்தில் குத்திப் பார்த்தாள். ஒவ்வொரு குத்துக்கும் அது சரசரவென்று இறங்கியது.

"எங்கண்ணே பாறை? வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்குது."

"இல்ல... யாரோ சொன்ன ஞாபகம்."

"தண்ணி அங்கதான் போகுதுண்ணே. நாம சொன்னா அது கேக்காது." சொல்லிவிட்டு அவள் முதல் வெட்டு வெட்டினாள்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் வரை வந்தது. ஆனால் சொன்னால் போன வருஷமே ஏன் சொல்லவில்லை என்பாள். பொறுப்பாளர் வரை போகும், சின்ன முதலாளி வரை போகும். இரண்டு அறையும் போகும். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பாள்? மென்று முழுங்கிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

இரண்டடி ஆழத்தில் மண் நிறம் மாறியது. சாம்பலும் கறுப்புமாக, பிசுபிசுப்பாக வந்தது. கையளவு கறுப்புத் துண்டுகள் கிளம்பின.

"இது என்னண்ணே?"

"பழைய பக்கெட்டா இருக்கும்மா. குப்பை கொட்டுன இடம்."

"பிளாஸ்டிக்கை எல்லாம் பொறுக்கி வெளிய போட்டுடலாம்," என்றாள். பெண்கள் வெறுங்கையால் பொறுக்கினார்கள். சாவியும் பொறுக்கினார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

மழை வந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்று மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. கரையில் கீரை தளதளவென்று வந்தது. வாரத்தில் மூன்று நாள் சமையலறைக்குக் கட்டுக் கட்டாகக் கீரை போயிற்று. பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கரை ஒரு குதிரை மாதிரி. இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள், சறுக்குவார்கள், மண்ணில் வீடு கட்டுவார்கள். சாவியின் பேத்தியும் ஓடிப்போய் ஏறப் பார்த்தாள். அவர் ஒரே பாய்ச்சலில் தூக்கிவந்துவிட்டார். "அங்க பூச்சி இருக்கு, கடிச்சிடும்" என்று பயம் காட்டிவைத்தார். அது முதல் குழந்தை அந்தப் பக்கம் போனதில்லை.

இஸ்திரிக்காரம்மாவின் பெண் அங்கேயே கிடந்தாள். பேத்தியைவிட ஏழெட்டு மாதம் பெரியவள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். பொழுதெல்லாம் கரைமேல் உட்கார்ந்து மண்புழுவோடு கதை பேசுவாள். அந்த வயதுக்கே உரிய பழக்கம் ஒன்றும் அவளிடம் இருந்தது: மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். சாவி இரண்டு தடவை பார்த்து அதட்டித் துரத்தினார். இரண்டாம் தடவை இஸ்திரிக்காரம்மா பார்த்துவிட்டாள்.

"விடுங்கண்ணே. மண்ணு தின்னாத புள்ள எங்க இருக்கு? நான் தின்னதுல பாதிகூட இவ தின்னல."

அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏழு மாதம் கழித்து ரேடியோ வகுப்புக்கு வருவது நின்றது. வயிற்றுவலி என்றார்கள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வருகிறது என்றார்கள். ஒரு நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் ஈயம் ஏறியிருக்கிறது என்றார். ஒரு குழந்தை உடம்பில் இருக்கவே கூடாத அளவு. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் இஸ்திரிக்காரம்மா வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தைச் சுரண்டினார்கள், சுவரைச் சுரண்டினார்கள். புருஷன் என்ன வேலை என்று கேட்டார்கள். பெயிண்டர். பழைய கதவு ஜன்னல்களைத் தேய்த்து வண்ணம் அடிக்கிறவன். அதோடு விசாரணை முடிந்த மாதிரி ஆகிவிட்டது. வேலை உடுப்போடு வீட்டுக்குள் வராதே, குழந்தையைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்கால வகுப்பில் இஸ்திரிக்காரம்மா அதைச் சொல்லும்போது சாவி ஜன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுஷன் மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்ச்சுத் தேய்ச்சு கையெல்லாம் புண்ணாக்கி வெச்சிருக்காரு. வீட்டுக்குள்ள வர்றதில்ல. வேலை செய்யற எடத்துலயே படுத்துக்கறாரு. ஜன்னல் வழியா புள்ளயப் பாத்துட்டுப் போறாரு. நானும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். நீதான்யா எம்புள்ளயக் கெடுத்தேன்னு."

"குழந்தை இப்ப எப்படி இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"வலிப்பு நின்னுடுச்சு. ஆனா பேச மாட்டேங்குறா. அம்மான்னுகூட வரல. பேசின புள்ளதானே? நீங்கெல்லாம் கேட்டிருக்கீங்கதானே?"

சாவி கொக்கியை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பதினோரு நாள் போனது. ஒவ்வொரு காலையும் இன்று சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பார். கதவுகளைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, பிள்ளைகள் வந்து இறங்கும் சத்தம் கேட்டதும் அந்தத் தைரியம் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, மகள் அவருக்குத் தட்டு வைத்தாள். சோறு, பருப்பு, ஓரத்தில் கீரை. எப்போதும் போல அவர் கீரையை விரலால் ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதைச் சாப்பிட ஆரம்பித்தார். மகள் கரண்டியோடு எதிரே நின்றாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? இந்தக் கீரையை நீங்க ஒரு நாளாவது வாயில வெச்சிருக்கீங்களா?"

"பிடிக்காதும்மா."

"பொய். கடையில வாங்கின கீரைன்னா வழிச்சு வழிச்சு சாப்பிடுவீங்க. தோட்டத்துக் கீரைன்னாத்தான் ஒதுக்கறீங்க. குட்டி தட்டுல போட்டாலும் நான் அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள எடுத்துடறீங்க. நான் பாக்கலேன்னு நெனச்சீங்களா?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளை அந்தக் கரைப் பக்கம் விடறதே இல்ல. பூச்சியாம். எனக்கு ஒரு பூச்சியும் தெரியல." அவள் குரல் இறங்கியது. "அப்பா, அந்த மண்ணுல என்ன இருக்கு?"

சொன்னார். தலை நிமிராமல், கோடாரியிலிருந்து குழி வரைக்கும், பாறை என்று சொன்னதிலிருந்து பக்கெட் என்று சொன்னது வரைக்கும் எல்லாம் சொன்னார். சொல்லி முடிக்கும்போது கையிலிருந்த சோறு காய்ந்துபோயிருந்தது.

மகள் அழவில்லை. கரண்டியை மேடையில் வைத்தாள். அடுப்பருகே பெரிய பாத்திரத்தில் மிச்சமிருந்த கீரையைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான்தானே பறிச்சேன். நான்தானே கழுவினேன். நான்தானே ஊட்டுனேன். சாப்பிட மாட்டேன்னு அடம்புடிச்ச புள்ளைங்களுக்குக் கதை சொல்லி ஊட்டுனேன். நீ இங்கேயே உக்காந்து பாத்துட்டு இருந்திருக்க."

பிறந்ததிலிருந்து அப்பாவை அவள் நீ என்று சொன்னதில்லை.

"உனக்கும் குட்டிக்கும் இருக்க ஒரு எடம் வேணும்னுதாம்மா..."

"என்னைச் சாக்கா சொல்லாத." பாத்திரத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். "நீ போய்ச் சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

தோட்டக்காரம்மா பள்ளத்தின் ஓரத்தில் குந்தி விதை சேகரித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். அவள் முதலில் புரியாத மாதிரி பார்த்தாள். பிறகு மடியிலிருந்த விதையெல்லாம் தரையில் கொட்ட, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பாறை இருக்குன்னு சொன்னீங்களே."

"ஆமாம்மா."

"அன்னிக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மண்ணை நான் தொட்டே இருக்க மாட்டேன்." பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வது போல் சொன்னாள்: "நான் சோதனைக்கு அனுப்பியிருக்கணும். எங்க போனாலும் முதல்ல அதைத்தான் செய்வேன். மைதானம்னு சொன்னாங்க, பிள்ளைங்க விளையாடின இடம்தானேன்னு விட்டுட்டேன். ஒரு டப்பா மண்ணு எடுத்து அனுப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

அவளைத் தேற்ற ஏதாவது சொல்ல நினைத்தார். தனக்கு அந்த அருகதை இல்லை என்று தோன்றியது.

அன்றே பொறுப்பாளரிடம் சொன்னார்கள். அவர் முகம் வெளிறிப்போய், அறிக்கை வரும் வரை வெளியே யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றார். தோட்டக்காரம்மா எழுந்துவிட்டாள். "அறிக்கை வரட்டும் மேடம். அந்தம்மா வீட்டுக்கு நான் இப்பவே போறேன். அந்த மனுஷன் வீட்டுக்குள்ள வராம வெளிய படுத்திருக்காரு." சாவியும் அவள் பின்னாலேயே போனார்.

இஸ்திரிக்காரம்மாவின் வீடு ஒரே அறை. வாசலில் இஸ்திரி மேசை. குழந்தை கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு துணிக்கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். யார் வந்தது என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாவி வாசற்படிக்கு வெளியிலேயே நின்று சொன்னார். இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுசும் கேட்டாள். அவர் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"அண்ணே, உங்க பேத்தி அந்தக் கரைமேல உக்காந்து நான் பாத்ததே இல்லையே?"

அவர் கண் குழந்தையின் பக்கம் போனது.

"சொல்லுங்க. ஒரு நாளாவது உக்காந்திருக்காளா?"

"இல்லம்மா."

"எம்புள்ள உக்காந்திருந்தா. மண்ணைத் தின்னா. நீங்க பாத்தீங்க. நான் சிரிச்சேன். நான் சிரிச்சப்ப நீங்க என்னைப் பாத்துட்டுதானே இருந்தீங்க?"

"ஆமாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். மெல்ல மெல்ல, எதையோ கூட்டிப் பார்ப்பது போல ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தோட்டக்காரம்மாவைப் பார்த்து, "மேடம், என் வீட்டுக்காரரைக் கூப்பிடணும். போன் போட்டுக் குடுங்க," என்றாள். சாவியின் பக்கம் அதற்குப் பிறகு அவள் திரும்பவே இல்லை. பெயிண்டர் ஓடிவந்தபோது சாவி தெருமுனையில் நின்றிருந்தார். அந்த ஆள் உடுப்பு முழுக்க வண்ணத்தோடு வீட்டுக்குள் போவதையும், போனதும் குழந்தையைத் தூக்குவதையும், குழந்தை அவனுடைய தோளில் துணிமூட்டை மாதிரி கிடப்பதையும் பார்த்துவிட்டு நிலையத்துக்குத் திரும்பி நடந்தார்.

மண்ணின் அறிக்கை ஒன்பது நாளில் வந்தது. அதற்குள் நாற்பது பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். முப்பத்தொரு பேருக்கு ஈயம் ஏறியிருந்தது. பலருக்குக் கொஞ்சம், ஆறு பேருக்கு நிறைய. சாவியின் பேத்தி அந்த ஆறு பேரில் ஒருத்தி.

கீரை ஒரு வாய் தின்னாதவள், கரையை மிதிக்காதவள். மகள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றாள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து அந்த இரண்டு அறைகளின் தரையைப் பஞ்சால் துடைத்துச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். அந்த அறைகள் பட்டறையின் உருக்குக் கொட்டகை இருந்த இடத்தில், அதே தளத்தின்மேல் கட்டியவை. குழிகளை நினைத்தே பயந்த சாவி, காலடியில் இருந்த தளத்தை நினைக்கவே இல்லை. குழந்தை தவழ்ந்தது அதில்தான். நடை பழகியதும் அதில்தான். கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்றதும் அதில்தான். எந்த இரண்டு அறைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அதில்தான் விஷம் அதிகமாக இருந்தது.

நிலையத்தை மூடி முத்திரை வைத்தார்கள். தோட்டத்தை எடுக்கும் நாளில் அதிகாரிகள் சாவியை வரச்சொன்னார்கள், குழிகள் எங்கெங்கே என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு இடமாக நடந்து காட்டினார். இங்கே ஒன்று, இங்கே இரண்டு, அந்தச் சுவரோரம் ஒரு பெரியது. இயந்திரம் வந்து தக்காளி, அவரை, கரை, சருகு, மண்புழு எல்லாவற்றையும் ஒன்றாக வாரித் தடித்த பைகளில் போட்டுக் கட்டியது. தோட்டக்காரம்மா வேலிக்கு வெளியே முகமூடி போட்டுக்கொண்டு நின்று கடைசிப் பை லாரியில் ஏறும் வரை பார்த்தாள். அவள் அழுதாளா என்று முகமூடிக்கு மேலே தெரியவில்லை. பிறகு வேறு எங்கேயும் அவள் தோட்டம் போட்டதாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை. ஏதோ ஒரு ஊரில் மண் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்வதாக ஒரு பேச்சு.

விசாரணையில் சின்ன முதலாளி, அது அப்பா காலத்து விஷயம், நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன் என்றார். திறப்பு விழா அன்று தோளில் கை போட்டுப் பேசியதை சாவி சொன்னபோது, எத்தனையோ பேரிடம் பேசினேன், எதுவும் நினைவில்லை என்றார். வழக்கு இன்னும் நடக்கிறது. சாவி மூன்று தடவை போய்ச் சாட்சி சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்: "தெரிஞ்சும் நீங்க ஏன் சொல்லல?" ஒவ்வொரு தடவையும் சாவி, "பயம்," என்றுதான் சொன்னார். அதைவிட நல்ல பதில் அவருக்கு அகப்படவில்லை.

ரேடியோவுக்கு இப்போது ஏழு வயது. வேறொரு பள்ளியில், பேச்சு வராத பிள்ளைகளின் வகுப்பில் இருக்கிறாள். பத்துப் பதினைந்து சொல் வருகிறது என்கிறார்கள். பெயிண்டர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு, தினமும் அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறான். வழியில் எதிரே சாவியைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போய்விடுவான்.

மகள் குழந்தையோடு தூரத்து ஊரில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலைக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று அவரிடம் சொல்லவில்லை. சாவி ஒரு சரக்குக் கிட்டங்கியில் பகல் காவல் பார்த்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன அறையில் குடியிருக்கிறார். மாதத்தில் ஒரு நாள், குழந்தையின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதித்த அன்று, மகளிடமிருந்து போன் வரும். எப்படி இருக்கீங்க என்றோ சாப்பிட்டீங்களா என்றோ அவள் கேட்பதில்லை.

"இந்த மாசம் இருபத்தாறு," என்பாள்.

"போன மாசம்?"

"இருபத்தேழு."

"சரிம்மா," என்பார் அவர். குழந்தையின் சத்தம் எங்காவது கேட்கிறதா என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். அதற்குள் அவள் வைத்துவிட்டிருப்பாள்.